நவமணியின் கம்ப்யூட்டருக்குக் கூலர் மாட்டியது

மே 6

இன்று மூன்று முறை நின்றது. காலை பத்தேகால், மதியம் பன்னிரண்டு நாற்பது, மறுபடி மூன்று மணி. மூன்று முறையும் ஒரே வரிசை. முதலில் உள்ளே இருக்கும் விசிறி மேடு ஏறும் லாரி மாதிரி கத்தும், அப்புறம் திரை கறுப்பாகும், அப்புறம் நவமணி "அய்யோ" என்பாள்.

இந்த நோட்டு ரிக் வண்டியில் எழுதிய நோட்டு. போர்வெல் போடும் வண்டியில் மெக்கானிக்காக இருபத்தெட்டு வருஷம் ஊர் ஊராக ஓடினேன். எத்தனை அடி இறங்கியது, கம்ப்ரசர் எத்தனை மணி ஓடியது, என்ன பழுது, எல்லாவற்றையும் அன்றன்றைக்கு எழுதியாக வேண்டும். போன செப்டம்பரில் வேலையை விட்டுத் திருச்செங்கோட்டுக்கு வந்து சேர்ந்தபோது நோட்டில் பாதிக்கு மேல் காலி. வீணாக்குவானேன் என்று என் ரத்த அழுத்தத்தை எழுதிக்கொண்டிருந்தேன். இன்று முதல் கம்ப்யூட்டரின் சூட்டையும் எழுதப் போகிறேன். இரண்டில் அதுதான் சுவாரசியம்.

விஷயம் இது. என் மனைவி நவமணி ஒரு கார்ட்டூன் படம் செய்திருக்கிறாள். ஆறு நிமிடப் படம். ஐம்பத்து மூன்று வயதில். நான் வடக்கே குழி போட்டுக்கொண்டிருந்த காலத்தில், மகள் மேகலா விட்டுப்போன கம்ப்யூட்டரில் தானே கற்றுக்கொண்டு, தானே வரைந்து, நாலு வருஷமாகச் செய்துவந்திருக்கிறாள். நான் வேலையை விட்டு வந்து இரண்டு நாள் கழித்துத்தான் இது எனக்குத் தெரிந்தது. கோவையில் ஒரு திரைப்படக் கழகம், முதல் படம் எடுப்பவர்களுக்காக விழா நடத்துகிறது. மே 24 மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். வரைந்ததெல்லாம் முடிந்தது. இனி கம்ப்யூட்டர் ஒவ்வொரு படமாக எடுத்து நிறமும் நிழலும் போட்டுக் கொடுக்க வேண்டும். ரெண்டர் என்கிறாள். மொத்தம் 4,320 படங்கள். மூன்று நாளில் ஆனது நூற்று எண்பது.

கம்ப்யூட்டர் 97 டிகிரி. வெளியே 40. நான் 140/90.

எஞ்சின் சூட்டிலேயே தலை நரைத்தவன் நான். "வுடு, நான் பாத்துக்கறேன்" என்றேன். நவமணி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அதில் நம்பிக்கை எவ்வளவு இருந்தது என்று இங்கே எழுத வேண்டாம்.

மே 7

டேபிள் ஃபேனை எதிரே வைத்தேன். 95. இரண்டு டிகிரிக்கு ஒரு ஃபேன் என்றால் கட்டுப்படியாகாது.

பிகானேர் பக்கம் வெயில் கொளுத்தும்போது டீசல் டேங்க் மேல் ஈரச் சாக்கு போடுவோம். கை மேல் பலன் தெரியும். நவமணி குளிக்கப் போயிருந்தாள். ஒரு கோணிச் சாக்கை நனைத்துப் பிழிந்து, கம்ப்யூட்டர் பெட்டியின் தலையில் போர்த்தினேன். அவள் வெளியே வந்தாள். ஓடிவந்து முதலில் பிளக்கைப் பிடுங்கினாள்.

"ஏனுங்க, கரண்டுல ஓடற சாமானுங்க இது. எருமைன்னு நெனச்சீங்களா?"

நன்றாகப் பிழிந்துதான் போட்டேன் என்றேன். அது அவளுக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை.

மே 8

பக்கத்து மூடியைக் கழற்றி வைத்து ஓட்டினேன். 96. ஒரு பல்லி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தது.

மே 10

இன்று முறையாக இறங்கினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெட்டியைப் படுக்க வைத்து, உள்ளே பார்த்தேன்.

கட்டமைப்பு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு பலகை, போர்டு என்கிறார்கள். அதன் நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு சதுரச் சில்லு. அதுதான் எஞ்சின், புராசஸர் என்று பெயர். அது சூடாகும். அதன் தலையில் அலுமினியக் கம்பிகளும் விசிறியுமாக ஒரு கூலர் உட்கார்ந்து, சூட்டை உறிஞ்சி வெளியே ஊத வேண்டும். இரண்டும் அழுத்தமாகத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் சூடு மாறும். நடுவில் மயிரிழை சந்து இருந்தாலும் நிரப்ப ஒரு பசை வைத்திருப்பார்கள்.

கூலரை நாலு பிளாஸ்டிக் கிளிப் கால்கள் பிடித்திருந்தன. தொட்டுப் பார்த்தேன். ஆடியது! ஒரு கால் எப்போதோ கழன்றிருக்கிறது. மற்ற மூன்றில் தொங்கிக்கொண்டு நாலு வருஷம் ஓடியிருக்கிறது பாவம். பசையோ காய்ந்து சுண்ணாம்பாகிவிட்டது. நோய் தெரிந்துவிட்ட சந்தோஷத்தில் ஒரு டீ போடச் சொன்னேன்.

கழன்ற காலை உள்ளே அழுத்தினேன். உட்காரவில்லை. கொஞ்சம் திருகினேன். "டிக்" என்றது. ஏற்கெனவே விரிசல் விட்டிருக்க வேண்டும். நவமணியிடம் அப்படித்தான் சொன்னேன்.

புதுக் கூலர் வாங்க வேண்டும்.

மே 11

ஈரோடு போய் வந்தேன். கடைக்காரப் பெண் ஹசீனா, முப்பது வயதிருக்கும். நான் விவரம் சொல்லச் சொல்ல நடுவில் பேசாமல் கேட்டாள். பிறகு இரண்டு வகைக் கூலரை எடுத்து வைத்தாள்.

"கிளிப் வேணாம் சார். இந்த ஊரு வெயிலுக்கு ஸ்க்ரூ போட்டதே வாங்கிக்கங்க. பின்னாடி ஒரு இரும்புத் தகடு வரும். போர்டுக்கு அந்தப் பக்கம் தகடு, இந்தப் பக்கம் கூலர், நாலு ஸ்க்ரூ. ஆடவே ஆடாது. ஒரே ஸ்க்ரூவை மொதல்லயே ஃபுல்லா இறுக்கிடாதீங்க. குறுக்கால குறுக்கால, கொஞ்சம் கொஞ்சமா."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எஞ்சினுக்கு மேல்மூடியான ஹெட்டை இறுக்குவதும் அப்படித்தானே! ஒரு மூலையை இறுக்கினால் எதிர் மூலை தூக்கிக்கொள்ளும். இதைக் கற்றுக்கொள்ள நான் எத்தனை பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்! இந்தப் பெண் கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறாள். அவளுக்குக் கைகூப்பிவிட்டு வந்தேன்.

"உள்ள ஒரு பேப்பர் இருக்கும், பாத்துட்டு மாட்டுங்க சார்" என்று வாசல் வரைக்கும் வந்து சொன்னாள். பேப்பரைப் பார்த்தா நான் இருபத்தெட்டு வருஷம் மாட்டினேன்?

மே 12

நவமணி அவள் தங்கை வீட்டு வளைகாப்புக்குச் சங்ககிரி போயிருந்தாள். நல்லதாகப் போயிற்று, வேலை செய்யும்போது பக்கத்தில் ஆள் நின்றால் எனக்குக் கை ஓடாது.

பழைய பசையைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். புராசஸர் கண்ணாடி மாதிரி ஆயிற்று, என் மூக்கே தெரிந்தது. போர்டுக்குப் பின்னால் தகடு வைக்க வேண்டும். ஒரு கையால் தகட்டைப் பிடித்து ஒரு கையால் ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டியிருந்தது. துண்டை மடித்துத் தகட்டுக்கு முட்டுக் கொடுத்துச் சமாளித்தேன்.

கூலரின் அடிப்பாகம் தாமிரம், தங்கம் மாதிரி மின்னியது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. தயாரித்தவன் யோசனைக்காரன். எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் எப்படிப் பேக்கிங் தகடு வைப்போமோ, அதே மாதிரி மெல்லிசாக, கண்ணாடி போல ஒரு பேக்கிங்கை அடியிலேயே அளவாக வெட்டி ஒட்டி அனுப்பியிருக்கிறான். நமக்கு வேலை மிச்சம். அதன் மேல் சிவப்பில் பொடி எழுத்தாக ஏதோ ஆங்கிலத்தில் இருந்தது. என் மூக்குக் கண்ணாடி ஹாலில் கிடந்தது. கம்பெனி பெயராக இருக்கும்.

புராசஸர் மேல் புதுப் பசையை, பேஸ்ட் என்கிறார்கள், பட்டாணி அளவு வைத்தேன். நாலு ஸ்க்ரூவையும் முதலில் இரண்டிரண்டு சுற்று. பிறகு குறுக்காக, அரைச் சுற்று அரைச் சுற்றாக. கடைசியில் நாலும் ஒரே இடத்தில் வந்து நின்றன. இதைவிட நேர்த்தியாக யாரும் மாட்ட முடியாது. மூடியைப் போட்டு மஞ்சள் குங்குமம் வைத்தேன்.

அவள் வந்ததும் போட்டுக் காட்டப் போகிறேன்.

மே 12, மறுபடியும்

நாற்பது விநாடி. 100 டிகிரி. நின்றுவிட்டது.

என் அழுத்தத்தைப் பார்க்கவில்லை.

மே 13

ஸ்க்ரூக்களை இன்னும் கால் சுற்று இறுக்க முடியுமா என்று பார்த்தேன். முடியாது, முட்டிவிட்டது. விசிறி சுற்றுகிறது. காற்று வருகிறது. வருகிற காற்று ஜில்லென்று இருக்கிறது! எஞ்சின் நூறு டிகிரியில் கொதிக்கும்போது ரேடியேட்டர் எப்படி ஜில்லென்று இருக்கும்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஹசீனாவுக்குப் போன் போட்டேன்.

"பேஸ்ட் வெச்சீங்களா சார்?"

"வெச்சனுங்க. பட்டாணி அளவு."

"நாலு ஸ்க்ரூவும் சமமா எறங்கியிருக்கா?"

"ஏம்மா, நான் ஹெட் போல்ட்டு இறுக்கியே தலை நரைச்சவன்."

"சரி சார். அடியில இருக்கற..."

"அடி, மேலு எல்லாம் பக்காம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். கேள்வி கேட்கிறவர்களுக்கு முடிவே இருக்காது. புராசஸரே செத்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். புதிதாக வாங்க வேண்டுமென்றால் போர்டும் மாற்ற வேண்டும், வெளியூரிலிருந்து வரவேண்டும், பத்து நாளாகும். நமக்குப் பதினொரு நாள்தான் இருக்கிறது. அதில் ஐந்து நாள் ரெண்டருக்கே வேண்டும்.

மே 15

காலையில் இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டே நவமணி சொன்னாள், "வுடுங்க. அடுத்த வருஷம் பாத்துக்கலாமுங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. பால்காரர் இன்றைக்கு வரமாட்டார் என்று சொல்வது போலச் சொன்னாள். எனக்கு இந்தக் குரல் தெரியும். இருபத்தெட்டு வருஷம் போனில் கேட்டிருக்கிறேன். பொங்கலுக்கு வர முடியாது புள்ள, வண்டி நிக்குது என்பேன். சரிங்க என்பாள். மேகலாவுக்குக் காது குத்துக்கு லீவு கிடைக்கவில்லை என்பேன். சரிங்க, அடுத்த தடவை பாத்துக்கலாமுங்க என்பாள். என் வீட்டுக்காரி எதையும் பெரிசாக எடுத்துக்கொள்ள மாட்டாள் என்று கூட இருப்பவர்களிடம் பெருமையடித்துக்கொள்வேன்.

இன்று சமையலறை வாசலில் நின்று அதே வார்த்தைகளை நேரில் கேட்டேன். சொல்லிவிட்டு அவள் கொஞ்ச நேரம் கரண்டியை மாவுக்குள் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். போனில் இது தெரிந்ததே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்கப் போவதில்லை.

மே 16

மதியம் அவள் கூலர் வந்த அட்டைப்பெட்டியை ஓரமாக எடுத்து வைக்கப் போனாள். உள்ளே மடித்திருந்த தாள் விழுந்தது. ஹசீனா சொன்ன தாள். அதில் ஓர் எழுத்து கிடையாது, எட்டுக் கட்டங்களில் எட்டுச் சித்திரங்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் போட்ட மாதிரி இருக்கிறதே என்று நான் தொடக்கூட இல்லை. நவமணி படம் போடுகிறவள் அல்லவா? நின்ற இடத்திலேயே ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்தாள். ஐந்தாவதில் விரல் நின்றது.

"ஏனுங்க, இந்தக் கை எதையோ உரிக்குதுங்களே?"

பார்த்தேன். ஒரு கை. கூலரின் அடியில் ஒரு மூலையைப் பிடித்து, வாழைப்பழத் தோல் மாதிரி இழுக்கிறது. பக்கத்தில் ஓர் அம்புக்குறி.

"அதெல்லாம் உரிச்சாச்சு" என்றேன்.

அவள் தாளை மடித்து வைத்துவிட்டுப் போனாள். சாயந்திரம் டீயை ஆறவிட்டுவிட்டு அந்தத் தாளை நான் ஒரு முறை பிரித்துப் பார்த்தேன்.

மே 17

கிருத்திகை. காலையிலேயே நவமணி மலைக்கோயிலுக்குப் போனாள். அவள் தெரு முனை திரும்பியதும் பெட்டியைப் படுக்க வைத்தேன்.

குறுக்காகக் குறுக்காகத் தளர்த்திக் கூலரை எடுத்தேன். என் அருமையான பேக்கிங் தாமிரத்தோடு ஒட்டிக்கொண்டு, சூட்டில் லேசாகச் சுருங்கியிருந்தது. இந்த முறை கண்ணாடி மூக்கில் இருந்தது. கம்பெனி பெயரெல்லாம் இல்லை. மாட்டுவதற்கு முன் அகற்றவும் என்று ஆங்கிலத்தில், சிவப்பில், மூன்று தடவை எழுதியிருந்தது.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. எஞ்சினில் பேக்கிங் எதற்கு? ஆயிலும் தண்ணீரும் ஒழுகாமல் இருக்க. இங்கே ஒழுக என்ன இருக்கிறது? இங்கே ஒரே வேலை, கீழே இருக்கும் சூடு மேலே போவது. அதற்கு நடுவில் நான் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து, நாலு பக்கமும் சமமாக, நேர்த்தியாக, இறுக்கியிருக்கிறேன்.

இரண்டு வழி இருந்தது. தாளை உரித்துக் குப்பையில் போட்டு, மீதி பேஸ்ட்டை வைத்து மாட்டி, அவள் வரும்போது "ஓடுது பாரு" என்று நிமிர்ந்து நிற்கலாம். ஸ்பிரிட்டில் பஞ்சைக்கூட நனைத்துவிட்டேன். ஆனால் நேற்று அவள் அந்தச் சித்திரத் தாளை மடித்து வைத்தது கண்ணிலேயே நின்றது. ஒரு நாளை வீணாக்கியிருக்கிறேன், அதுவும் தெரிந்தே. தாள் ஒட்டியபடியே கூலரைக் கையில் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பது மணிக்கு வந்தாள். திருநீற்றை என் நெற்றியில் வைக்கக் குனிந்தவளிடம் கூலரின் அடியில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினேன்.

"நேத்து உரிச்சாச்சுன்னு சொன்னனல்ல? உரிக்கல. பொய் சொன்னேன். ஹெட்டுக்குப் போடற பேக்கிங்குன்னு நெனச்சு நாந்தான் வுட்டுப்போட்டேன், புள்ள."

அவள் தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"பேக்கிங்குங்களா?"

"ஆமா."

"ஆயிலு ஒழுகிப்போயிருமுன்னா?"

அவ்வளவுதான். சிரிக்க ஆரம்பித்தவள் அப்படியே சுவரோடு சாய்ந்து கீழே உட்கார்ந்துவிட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, முந்தானையால் வாயைப் பொத்துகிறாள், "பேக்கிங்கு" என்கிறாள், மறுபடி சிரிக்கிறாள். அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பார்த்திருக்க வேண்டிய நாளெல்லாம் வேறு மாநிலத்தில் இருந்தேன். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சொல்கிறதோடு சொல்கிறதாக, "அந்தக் கிளிப்பையும் நாந்தான் ஒடச்சேன்" என்றேன்.

"தெரியுமுங்க. சத்தம் சமையக்கட்டு வரைக்கும் கேட்டுது."

பிறகு இரண்டு பேருமாக மாட்டினோம். அவள் கை சின்னக் கை, போர்டுக்குப் பின்னால் சுலபமாகப் போயிற்று. தகட்டை அவள் பிடித்துக்கொண்டாள். தாளின் மூலையில் நகத்தைக் கொடுத்து அவளையே உரிக்கச் சொன்னேன். சர்ரென்று வந்தது. துடைத்தோம். நடுவில் பேஸ்ட். கூலரை நேராக இறக்கி ஆட்டாமல் வைத்தேன். அவள் சித்திரத் தாளைப் பார்த்து எந்த ஸ்க்ரூ என்று சொல்லச் சொல்ல நான் அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருப்பினேன். நாலும் முட்டி நின்றபோது, கூலரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். மொத்தப் பெட்டியும் சேர்ந்து ஆடியது, கூலர் ஆடவில்லை.

போட்டோம். ஒரு நிமிடம். 58. ஐந்து நிமிடம். 63. அரை மணி நேரம். 66. அங்கேயே நின்றுவிட்டது. பின்னால் கை வைத்துப் பார்த்தேன். காற்று சுடச்சுட வருகிறது! சூடான காற்றுக்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவன் இந்தக் கத்திரி வெயிலில் தமிழ்நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஒரு படத்துக்கு ஒன்றே முக்கால் நிமிடம். காலை பதினொன்றுக்கு ரெண்டர் முதலிலிருந்து ஆரம்பம்.

மே 18

67. எழுநூற்றுச் சொச்சம் தாண்டியது. ஹசீனாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "அதைத்தான் சார் அன்னிக்குக் கேக்க வந்தேன்" என்றாள். இன்னொரு முறை கைகூப்பினேன், போனில் தெரிந்திருக்காது.

நாற்காலியைத் திரைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன். சூட்டைக் கண்காணிக்க. ஒன்றே முக்கால் நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு படம் மலர்கிறது. படத்தில் ஒரு வீடு, ஒரு பொம்பளை. போன் அடிக்கிறது. எடுக்கிறாள். இதைப் பார்க்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. நவமணி முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன் என்றாள். வேண்டாம், நான் இப்படியே பார்க்கிறேன் என்றேன்.

மே 19

66. கதை புரிந்துவிட்டது. அந்தப் பொம்பளைக்குப் போனில் ஒரு குரல் வருகிறது. குரலுக்கு முகம் கிடையாது. "ராய்ப்பூர்ல இருக்கேன். சாப்டியா? வெச்சர்றேன்." அவ்வளவுதான். அவள் போனை வைத்துவிட்டுக் கரித்துண்டை எடுத்துச் சமையலறைச் சுவரில் ராய்ப்பூரை வரைகிறாள். பெரிய கடல், கப்பல், மீன் பிடிக்கிறவர்கள். அடுத்த போன் ஜபல்பூர். ஹால் சுவர் முழுக்கப் பனிமலை. பிகானேருக்கு ஒரே மழை, தென்னந்தோப்பு.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏம்புள்ள, ராய்ப்பூர்ல ஏது கடலு? நூறு மைலுக்குக் கடலே கெடையாது. பிகானேர்ல மழையா? அது பாலைவனம். எல்லாந் தப்பு!"

நவமணி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"நீங்க சொன்னாத்தானுங்க எனக்குத் தெரியும்?"

அதற்குப் பிறகு வந்த இருபது படங்கள் என்னவென்று எனக்குத் தெரியாது. கண்ணாடி மங்கிவிட்டது. அந்தக் குரல் நான்தான். வருஷத்தில் பத்து மாதம் வெளியே இருந்தேன், தினமும் போன் செய்தேன், நல்ல புருஷன் என்று நினைத்துக்கொண்டேன். சாப்டியா, பணம் வந்துச்சா, வெச்சர்றேன். வேறு என்ன பேசினேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் நினைவில்லை.

மே 20

மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது முதல் ஐந்து வரை மின்சாரம் கிடையாது. எட்டு மணி நேரம் போயிற்று. கணக்குப் போட்டுப் பார்த்தோம், அப்படியும் நேரம் இருக்கிறது. ஆளுக்கொரு விசிறி மட்டையோடு ஹாலில் உட்கார்ந்திருந்தோம்.

"இப்பச் சொல்லுங்களேன், ராய்ப்பூரு எப்படி இருக்கும்?" என்றாள்.

வாயைத் திறந்தேன். மனசுக்குள் ஊரே இருக்கிறது, வாய்க்கு வரவில்லை. "வெயிலு ஜாஸ்தி" என்றேன். அவள் சரிங்க என்று தலையாட்டினாள். எனக்கு என்னையே இரண்டு அறை விடலாம் போலிருந்தது.

மே 22

68. மூவாயிரத்து எழுநூறு. சுவர்களில் இடம் தீர்ந்துபோய் அந்தப் பொம்பளை கூரைக்கு ஏணி போடுகிறாள்.

மே 23

காலையில் எழுந்து வந்தால் திரையில் 4,320 என்று நிற்கிறது. விசிறி சத்தமே இல்லாமல் சுற்றுகிறது. நவமணியை எழுப்பினேன். இரண்டு பேரும் பல் தேய்க்காமல் நின்றுகொண்டே முழுப் படத்தையும் ஓட்டிப் பார்த்தோம். ஆறு நிமிடம். எனக்கு ஐந்து நாள் ஆனது, ஆறு நிமிடத்தில் ஓடிவிட்டது. முடிவில் கதவு தட்டும் சத்தம் கேட்கிறது. அவள் கரிக் கையோடு போய்க் கதவைத் திறக்கிறாள். வெளியே யார் என்று காட்டாமல் படம் முடிந்துவிடுகிறது.

"யாரு வந்தா?" என்று கேட்டேன்.

"பாக்கறவங்க நெனச்சுக்கட்டுமுங்க."

மதியம் ஒலி சேர்த்தாள். நாலு பத்துக்கு அனுப்பினாள். ஒரு நாள் மிச்சம்! தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தேன். எதற்கு என்று கேட்டவர்களிடம் கூலர் நன்றாக மாட்டிவிட்டேன் என்றேன்.

ஜூன் 10

தேர்வாகிவிட்டது. நூற்றுக்கு மேல் வந்ததில் பதினாலு. ஜூன் 22 கோவையில் காட்டுகிறார்கள். நவமணி கடிதத்தை மூன்று முறை படித்தாள். நான் அவள் பார்க்காதபோது நாலாவது முறை படித்தேன்.

ஜூன் 22

பஸ்ஸிலிருந்து இறங்கி, முகம் கழுவி, உடனே எழுதுகிறேன்.

காலைக் காட்சி. இருநூறு பேர் இருக்கும். விளக்கணைந்ததும் நவமணி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ராய்ப்பூர்க் கடலில் முதல் கப்பல் வந்ததும் அரங்கமே சிரித்தது. பிகானேர் மழைக்குக் கைதட்டினார்கள். கதவு தட்டும் சத்தத்தில் எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள். என் முழங்கையில் அவள் நகம் பதிந்திருக்கிறது, இப்போதும் தெரிகிறது.

பரிசு பொள்ளாச்சிப் பெண் ஒருத்திக்குப் போயிற்று. நல்ல படம்தான். ஆனால் மேடையில் நவமணியைத்தான் அதிக நேரம் நிறுத்தி வைத்தார்கள். நிகழ்ச்சி நடத்திய அம்மா கேட்டார், "ராய்ப்பூருக்கு எப்படிங்க கடல் கொண்டுவந்தீங்க?"

"எனக்கு அந்த ஊரு தெரியாதுங்க. தெரிஞ்சவரு மூணாவது வரிசைல உக்காந்திருக்காரு. அவரையே கேளுங்க."

மைக் என் கைக்கு வந்துவிட்டது. இருநூறு தலை திரும்பியது. எழுந்து நின்றேன். மேலே நின்று நவமணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ராய்ப்பூர்ல கடல் இல்லீங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். உட்கார்ந்திருக்கலாம். என்னவோ, வாய் நிற்கவில்லை. "ஆனா ஊருக்கு நடுவுல ஒரு பெரிய கொளம் இருக்குதுங்க. மொத மொதல்ல போனப்போ வண்டி பொழுது சாயற நேரத்துல போய்ச் சேந்துச்சு. அக்கரைல ஒண்ணொண்ணா வெளக்கு போட்டாங்க. தண்ணி பூரா வெளிச்சம். நானும் கடலுன்னுதான் நெனச்சேன். இவ இருந்தாப் பாப்பாளேன்னு நெனச்சேன். வூட்டுக்குப் போன் போட்டேன். சாப்டியான்னு கேட்டுட்டு வெச்சுட்டேன்."

நவமணி மேடையில் நின்றபடியே முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகுதான் கைதட்டல். எனக்கா அவளுக்கா தெரியாது.

மூன்று மணிக்குக் காந்திபுரத்தில் பஸ் ஏறினோம். ஜன்னல் சீட்டை அவளுக்குக் கொடுத்தேன். பஸ் நகர்ந்ததும் பையிலிருந்து வரைகிற நோட்டை எடுத்து மடியில் வைத்தாள்.

"அந்தக் கொளத்துல படி இருக்குதுங்களா?"

"இருக்குது. அகலப் படி. கடைசிப் படில ஒரு கெழவரு பொரி விப்பாரு."

அவள் வரைந்தாள். தலைப்பாகை கட்டியிருப்பாரா என்றாள். கட்டியிருப்பார் என்றேன். என்ன நிறம் என்றாள். அவிநாசி தாண்டும்வரை ராய்ப்பூர்தான். அதற்குப் பிறகு அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை. வெள்ளைப் பாறைக்கு நடுவில் ஓடும் ஆறு, பாறை தட்டி ஒன்பது நாள் தண்ணீர் வராமல் கிடந்த போர்வெல், பத்தாம் நாள் தண்ணீர் பீறிட்டதும் டிரம் அடித்துக்கொண்டு ஓடிவந்த ஊர், பாட்டு, அந்தப் பாட்டையே கொஞ்சம் பாடியும் காட்டினேன். முன் சீட்டுக்காரர் திரும்பி உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்தார். பெருந்துறையில் இறங்க வேண்டியவர், ஈரோடு வரை வந்துவிட்டார்.

பென்சில் தேய்ந்துபோய்ப் பேனாவில் வரைந்தாள். திருச்செங்கோடு வந்து, கண்டக்டர் "எறங்குங்க, எறங்குங்க" என்று கத்துகிறார், நான் இன்னும் ஜபல்பூரைத் தாண்டவில்லை.